வலையில் வந்த ஆட்டக்காரன்

உயர்த்திய வலது கை, ஒரு கால் தரையில், ஒரு கால் ஆட்டத்தில், ஒரு சாண்கூட இல்லாத அந்த வெண்கல ஆள் கண்ணாடிப் பெட்டிக்குள் யாரையோ கூப்பிட்டபடி நிற்கிறான், நான் துடைப்பத்தோடு எதிரே நிற்கிறேன், யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டால் சொல்லவா போகிறான், ரோமாபுரிக்காரன், என் பாஷை அவனுக்கு எங்கே தெரியும், ஆனாலும் இந்த ஊரில் அவனை முதலில் குளிப்பாட்டியவள் நான்தான், என் வீட்டுக்காரர் சேசடிமை அவனைத் தூக்குச் சட்டியில் போட்டுக் கொண்டுவந்த அன்று, ஏட்டி, இவனப் பாரு, ஒரு மீனக் காணும், இவன் மட்டும் வலைக்குள்ள ஆடிக்கிட்டு வந்துட்டான் என்று வாசலில் நின்று சிரிக்கிறார், வலைக்கண்ணி ஒன்று அவன் அக்குளில், சிப்பியும் சுண்ணாம்புமாகக் கட்டிப்போன இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, இழுக்காதீங்க, கை ஒடிஞ்சிரும் என்கிறேன், கத்தியால் கண்ணியை அறுத்துவிட்டார், அவர் கையால் போட்ட ஒரு முடிச்சு மட்டும் நீலமாக அங்கேயே தங்கிவிட்டது.

மூன்று நாள் மாதா படத்துக்குப் பக்கத்தில் நின்றவனை அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம், காப்பாட்சியர் தணிகாசலம் சார் இரண்டு கையாலும் வாங்கினார், ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்மா, ரோமாபுரியில வீட்டுக்கு வீடு வச்சுக் கும்பிடுவாங்க, வீட்டைக் காக்கிற சாமி, கப்பல்ல வந்திருக்கும் என்றார், எதக் காத்தான், கப்பலே முங்கிட்டுல்லா என்று இவர் சொல்ல மூன்று பேரும் சிரித்தோம், அந்தச் சிரிப்பு இன்னும் அந்த அறையில் இருக்கிறது, தினமும் கூட்டுகிறேன், போக மாட்டேன் என்கிறது, கார்த்திகைப் புயலில் இவரோடு சேர்த்து வள்ளத்தில் போன மூன்று பேரில் தம்பி முறையான கித்தேரியான் மட்டும் மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்துக் கரைசேர்ந்தான், மைனி, அண்ணன் கையத் தூக்கிக் கூப்பிட்டாவ, அலையில நா முங்கி எந்திரிச்சுப் பாக்கேன், கை இல்ல, அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லத் தெரிந்தது, உடல் கிடைக்கவில்லை, கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்த எனக்கு ஒரு குழி இல்லை, அவர் சட்டைகளையாவது மோந்துகொண்டு கிடந்திருக்கலாம், வந்துவிடுவார் என்று எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன், எனக்குச் சுத்தப் பைத்தியம், ஒருநாள் என்னையும் தேச்சுக் கழுவி ஊத்திருவ என்று அவர் கேலி செய்வார், பாவி நான்.

அந்த நீல முடிச்சுக்காகத்தான் இங்கே கூட்டுகிற வேலைக்கு வந்தேன், அவர் விரல் பட்டது உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம், மூன்று வருஷம் காலையில் வந்ததும் அதைப் பார்ப்பேன், சாயங்காலம் போகும்போது பார்ப்பேன், அவர் போன தேதியன்று பல்பு மாற்றப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சார் சாப்பிடப் போயிருந்தார், திருவிழாவுக்குக் கோயில் குத்துவிளக்கும் மெழுகுதிரித் தண்டும் தேய்ப்பது கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு முறை, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பொன்னாகிவிடும், இவரது நாளில் இவன் மட்டும் ஏன் பாசிபிடித்துப் பரதேசியாக நிற்க வேண்டும் என்று தோன்றியது, சாப்பாட்டுப் பையில் குழம்புக்கு வாங்கிய புளி இருந்தது, அவனைக் கைகழுவும் தொட்டிக்குத் தூக்கிப்போனேன், முடிச்சுப் பக்கம் போகாமல்தான் தேய்த்தேன், சத்தியமாகப் போகாமல்தான், அக்குளில் இருந்த சுண்ணாம்பு தானாகவே நுரைத்து இளகிக் கழன்றது, நீலம் புளிச்சக்கையோடு தொட்டிக்குள் விழுந்து சுற்றியது, கையை விட்டேன், குழாய்த் தண்ணீர் முந்திக்கொண்டது.

தகதகவென்று மின்னுகிறவனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், சார் வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், அம்மா, அந்தப் பச்சைதான் அவனுக்குத் தோல், தோல உரிச்சிட்டீங்களே என்றார், பிறகு நான் அழுவதைப் பார்த்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், திட்டியிருக்கலாம், வேலையைவிட்டு நிறுத்தியிருக்கலாம், உள்ளே ஊறிக்கிடந்த கடல் உப்பு இனி வெளியே வந்து தின்னும் என்றார், பெரிய ஊரிலிருந்து ஆட்கள் வந்து மருந்து தடவினார்கள், தடவத் தடவ அக்குளிலிருந்து வெளிறிய பச்சைப் பொடி வந்துகொண்டே இருந்தது, அவனைச் சுற்றி விழுகிற பொடியைத் துடைப்பதும் என் வேலைதான், கடல் பாதியை எடுத்துக்கொண்டது, மீதியை நான் தேய்த்துத் தீர்க்கிறேன்.

இன்று காலையிலும் அவன் உயர்த்திய கையோடுதான் நிற்கிறான், கிட்டப் போய், அவரைக் கூப்பிடு, உனக்குக் கடல் தெரியும், நீ கூப்பிட்டால் ஒருவேளை கேட்கும் என்று வாய்விட்டுச் சொன்னேன், யாரோ வருகிற சத்தம் கேட்டு வாசல் பக்கம் திரும்பினேன், கித்தேரியான் அலையில் முங்கிய நேரம்கூட ஆகியிருக்காது, கண்ணாடிக்குள் பொடி கொஞ்சம் எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது, நான் திரும்பிப் பார்த்தபோது கை இல்லை.