நாத்தனாரின் கம்ப்யூட்டருக்குள் போய் வந்த பிறகு

அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கம்பவுண்டர் என்றுதான் பெயர். பதினோரு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களுக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே வைத்தியம் பார்ப்பது அவள் வேலை. ரிமோட் என்ற புரோகிராமைத் திறந்தால் எங்கோ இருக்கும் வார்டின் திரை இவள் திரையில் வந்து நிற்கும். இவள் மவுஸை அசைத்தால் அங்கே அசையும். மருந்துச் சீட்டு அச்சாகவில்லையா, ஸ்கேன் படம் திறக்கவில்லையா, "கம்பவுண்டரைக் கூப்பிடு" என்பார்கள். கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள்.

அன்று காலை டீயை வாயில் வைப்பதற்குள் ரிமோட் செய்த கம்பெனியிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ரிமோட்டில் ஓட்டையாம். எந்த இடத்தில் என்று எழுதவில்லை. எழுதினால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும் அல்லவா? ஓட்டை எப்படிப்பட்டது என்று மட்டும் இருந்தது. எதிர்முனைக் கம்ப்யூட்டர் "ஒரு டம்ளர் அனுப்புகிறேன்" என்று சொல்லும். ரிமோட் அதை நம்பி நினைவகத்தில் ஒரு டம்ளர் இடம் ஒதுக்கும். அளந்து பார்க்காது, அசடு! வருவதோ ஒரு குடம். வழிந்தது பக்கத்தில் இருப்பதை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். அந்த வழிசலுக்குள் எவனாவது கட்டளை எழுதி வைத்திருந்தால், அதையும் தலையாட்டிச் செய்து முடிக்கும். ஆக, வைத்தியம் பார்க்கப் போனவருக்கே நோய் தொற்றும்.

கம்பவுண்டர் டீயைத் தள்ளி வைத்தாள்.

முந்தைய நாள் மதியம் நாத்தனார் போன் செய்திருந்தாள். வேறு ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவள். "அண்ணி, என் கம்ப்யூட்டர்ல மவுஸ் தானா ஓடுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். ஆபீஸ் மெஷினிலிருந்து வெளி மெஷினைத் தொடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஐந்து நிமிட வேலைதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று கம்பவுண்டர் உள்ளே போனாள். வேண்டாத இரண்டு புரோகிராம்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, "பேயை ஓட்டியாச்சு போ" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பேயாவது பிசாசாவது! எவனோ ஒருவன் ஏற்கெனவே அங்கே குடியிருந்திருக்கிறான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

அதோடு விட்டதா? அதே மெஷினிலிருந்து சாயங்காலத்துக்குள் ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வந்திருந்தாள். பதினொன்றின் பாஸ்வேர்டுகளும் அதில்தான் இருந்தன.

எங்கெங்கே போய் வந்தோம் என்று மெஷின் தானே குறித்துவைக்கும் லாகில், நாத்தனார் கம்ப்யூட்டருக்குள் போன தடம் ஒரே ஒரு வரி. இரண்டு முறை அழுத்தினால் அழிந்துவிடும். பதினான்கு வருட வேலை, நல்ல பேர், எல்லாம் பத்திரமாக இருக்கும். கை மவுஸுக்குப் போகத்தான் செய்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று குழந்தைகள் வார்டு. எந்தக் குழந்தைக்கு எத்தனை சொட்டு மருந்து என்பதை நர்சுகள் அந்தத் திரையைப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். அந்த எண்ணில் ஒரு புள்ளி தள்ளிப் போனால்? எழுந்து நேரே மேலாளரிடம் போனாள்.

"மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன். நேத்து நம்ம மெஷின்ல இருந்து என் நாத்தனார் கம்ப்யூட்டருக்குள்ள போனேன். அதுல ஏற்கெனவே எவனோ இருந்திருக்கான்னு நினைக்கிறேன்."

"அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"ஒம்பதுக்கு."

"அடிப்பாவி!"

மேலாளர் ஓடிவந்து தன் கையாலேயே கேபிளைப் பிடுங்கினாள். பதினோரு ஆஸ்பத்திரிக்கும் இணைப்பை அறுத்தார்கள். எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதுங்கள், மருந்தளவை டாக்டரிடம் நேரில் கேட்டு ஏற்றுங்கள் என்று போன் போட்டார்கள். எதிர்ப்பக்கம் வசவு மழை. பாதுகாப்புப் பிரிவில் ஒருவர் உண்டு, சிஐடி என்று கூப்பிடுவார்கள். அவர் வந்து கம்பவுண்டரின் நாற்காலியில் உட்கார்ந்தார். ரிமோட் கம்பெனிக்காரனோடு போனில் பேசிக்கொண்டே லாகை வரி வரியாகப் படித்தார். இரண்டு மணி நேரம். அவள் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை.

கடைசியில் சிஐடி கண்ணாடியைக் கழற்றினார். "வந்திருக்கான். நேத்து மூணு தடவை முட்டியிருக்கான்."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஆனா உள்ள வரலை. இங்க காப்பி பண்ணி அங்க பேஸ்ட் பண்றோமே, அந்த வழியிலதான் ஓட்டை. உங்க மெஷின்ல அந்த வழியையே மூடி வெச்சிருக்கீங்க. மத்த பதிமூணு மெஷின்லயும் ஆன்னு திறந்து கிடக்கு. ஒம்பது ஆஸ்பத்திரியும் சுத்தம்."

வயிற்றில் பாலை வார்த்தார் மனிதர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அத்தனை பேர் பார்க்க, கம்பவுண்டர் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். மேலாளருக்கும் கண் கலங்கிவிட்டது.

"அதெல்லாம் சரி, எதுக்கு மூடினீங்க?" என்று சிஐடி விடவில்லை.

இவ்வளவு சொன்னவள் இதையும் சொன்னாள். போன வருடம் நாத்தனார் வந்து மூன்று வாரம் தங்கியபோது, எரிச்சலில் புருஷனுக்கு ஒரு செய்தி எழுதிக் காப்பி செய்திருந்தாள். அதை மறந்து, ஒரு நோயாளியின் குறிப்பில் பேஸ்ட் செய்துவிட்டாள். வார்டு நர்ஸ் டாக்டர் முன்னால் சத்தமாகப் படித்தாளாம்: 'இன்னும் எத்தனை நாள்? என்னால இனிமே வடிச்சுக் கொட்ட முடியாது.' நோயாளி பாவம், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று பெட்டியைக் கட்டிவிட்டார். அன்றே அந்த வழியை மூடினாள். மானம் போனால் வருமா?

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. விதியை மீறியதற்கு மேலாளர் மெமோ கொடுத்தாள். கொடுக்கத்தானே வேண்டும்? கம்பவுண்டர் அதைப் பரிசு வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மதியமே போனில் கதை முழுக்கக் கேட்டிருந்த புருஷன் போனை நீட்டினான். நாத்தனார் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"என்னாலதானே அண்ணி இத்தனையும்? உங்க வேலையே போயிருக்குமே."

"சீ, அழாதடி. உன்னாலதான் தப்பிச்சேன்னு வெச்சுக்கோயேன்."

"அந்த வழியை நீங்க முன்னாடியே மூடி வெச்சிருந்தீங்கன்னு அண்ணன் சொன்னாரு. எதுக்கு அண்ணி மூடினீங்க?"

புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் ஓடினான். காலையிலிருந்து உண்மையைத் தவிர வேறெதுவும் பேசாத கம்பவுண்டர், ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பாதுகாப்புக்குத்தான்டி" என்றாள்.