ஈசானி மூலையில் முதல் மண்

வினோத்குமார் என்னை 'மரம் நடுற பொண்ணு' என்று சொன்னபோது அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினோராயிரம் பேர். நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரலைத் திரையின் ஓரத்திலேயே எண் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டை கட்டையாக அடுக்கி ஊர் எழுப்பும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு. பிள்ளைகள் அதில் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். அதை வைத்துப் பிழைக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்து விளையாட யாராவது ஒருவர் ஓர் உலகத்தை நடத்துவார். அந்த உலகத்துக்கு மலை, ஆறு, காடு, ஏரி எல்லாம் ஆள் வைத்துச் செய்யவேண்டும். ஆள் செய்தது என்று தெரியவும் கூடாது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் வினோத்குமார் நடத்தும் கம்பெனிக்கு இதுதான் தொழில். அங்கே வீடு கட்டுகிறவர்கள் மூன்று பேர், விளம்பரம் பார்ப்பவர் ஒருவர். நிலம் செய்கிறவள் நான் மட்டும்தான்.

சதுரக் கட்டையில் மலை செய்தால் முதலில் படிக்கட்டுதான் வரும். அதை மலையாக்குவது பெரிய பாடு. ஆளுக்கு ஒழுங்கு பிடிக்கும், மழைக்குப் பிடிக்காது. ஆகவே நான் முதலில் மழையாக இருந்து யோசிப்பேன். தண்ணீர் எங்கே விழுந்து எந்தப் பக்கம் அரித்துக்கொண்டு இறங்கும், அரித்த மண் எங்கே போய்ப் படியும், படிந்த இடத்தில் எந்தப் புல் முளைக்கும் என்று பார்த்துப் பார்த்து மூன்று வகை மண்ணைக் கலந்து தூவுவேன். தென்னேரி கரையில் இரண்டு நாள் போய் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீரின் விளிம்பு எப்படி வளைகிறது என்று பார்க்க. தாமல் ஏரி வற்றியபோது போய் வெடிப்பைப் படம் எடுத்து வந்திருக்கிறேன்.

என் நிலங்களில் எல்லோரும் நின்று பார்த்தது மாட்டுத் தடத்தை. ஏரிக்கரையில் மாடு நேராக இறங்காது. வயிறு கனக்கும், கால் வழுக்கும். சாய்வாக ஓரடி ஓரடியாக இறங்கும், நூறு மாடு இறங்கினால் கரையில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை நான் போட்டேன். என் அப்பா ஏகாம்பரம் மாட்டுத் தரகர். நடக்கக் கற்றதே நான் மாட்டுச் சந்தையில்தான்.

இப்படி நான்கு உலகங்களுக்கு நிலம் செய்தேன். நான்கிலும் 'நில வடிவமைப்பு: வினோத்குமார்' என்று போட்டுக்கொண்டார். நான்காவது உலகத்துக்கு ஒரு பரிசு வந்தது. அந்தப் பரிசுக்கான பேட்டியில்தான், கேட்டவர் மாட்டுத் தடத்தைப் பற்றிக் கேட்டார். மாடு சாய்வாகத்தான் இறங்கும், அது என் சொந்த அனுபவம் என்றார் வினோத்குமார். தெருவில் மாடு வந்தால் கடைக்குள் ஏறி நிற்கிற மனிதர். உங்களுக்கு உதவி செய்ய யாரும் உண்டா என்று அடுத்த கேள்வி. "ஒரு பொண்ணு கீது. மரம் நடுற பொண்ணு" என்று சிரித்தார்.

பெயரைத் திருடியதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மாட்டைத் திருடிக்கொண்டு போனது பொறுக்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். சந்தையில் கோபத்தைக் காட்டுகிறவன் மாட்டை விலை குறைத்துத்தான் கொடுத்துவிட்டு வருவான். அதனால் மெதுவாகவே கேட்டேன், அந்தத் தடம் நான் போட்டதாயிற்றே என்று.

"நீ போட்ட. நான் போடச் சொன்னேன். இன்னா இப்போ?" என்றார். "பேரு வந்தா கம்பெனிக்குத்தானே வருது. அடுத்த வேலைல உன் பேரையும் போட்டுக்கலாம்."

இதை அவர் சொல்வது மூன்றாவது முறை. சரிங்கண்ணா என்று தலையாட்டினேன். அந்த 'சரிங்கண்ணா'வில் இருந்ததை அவர் கவனித்திருந்தால் அன்றைக்கே என்னை அனுப்பியிருப்பார்.

அடுத்த வேலை சீக்கிரமே வந்தது. பெங்களூரில் இருக்கும் பிரபா என்ற அம்மாள் பெரிய உலகம் ஒன்றைத் திறக்கப்போகிறார். பாலாற்றங்கரை மாதிரி மணல் விரிந்த ஊர், ஓரத்தில் ஏரி, ஏரிக்கரையில் மண்டபம். திறப்பு விழா நேரலையில். விழாவன்று வினோத்குமாரே உள்ளே வந்து முதல் மண் வெட்டுவார் என்று பேசி முடித்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் முதலாளியின் குணத்தைச் சொல்லவேண்டும். பூஜை போடாமல் அவர் எதையும் தொடமாட்டார். குளிர்சாதனப் பெட்டி வந்தபோது அதற்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார். கணினித் திரைக்குச் சந்தனம் வைத்து, அதைத் துடைக்க ஒரு வாரம் ஆனது. இல்லாத நிலத்துக்கும் வாஸ்து பார்ப்பார். நீர்நிலை ஈசானி மூலையில் இருக்கவேண்டும், அதாவது வடகிழக்கில். ஆகவே பிரபாவின் ஏரியும் மண்டபமும் வடகிழக்கு மூலைக்குப் போயின. முதல் மண்ணும் அங்கேதான் வெட்டுவார். நல்ல நேரத்துக்கு முன்னால் அந்த மூலையில் ஒரு கட்டையைக்கூட யாரும் தொடக்கூடாது என்று கம்பெனி முழுவதும் சொல்லிவைத்தார்.

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

அந்த விளையாட்டில் கல்லும் மண்ணும் அந்தரத்தில் நிற்கும். அடியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் விழாது. மணல் மட்டும்தான் விழும். ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை. கருவியை வைத்து மொத்தமாக இறக்கிய மணல், பக்கத்தில் யாராவது ஒரு கட்டையை வெட்டும்வரை, மேலே ஆள் ஏறி நின்றாலும்கூட, தான் விழவேண்டும் என்பதை மறந்து நிற்கும். ஒன்றை வெட்டினால் பக்கத்தில் இருப்பது விழும், அதைப் பார்த்துப் பக்கத்து மணலுக்கு ஞாபகம் வரும், அப்படியே வரிசையாக எல்லாம் இறங்கும்.

இரண்டு நிலம் செய்தேன். ஒன்று கெட்டியான நிலம், பிரபா கேட்டபடி, குறை சொல்ல முடியாதது. அதை என் வீட்டுக் கணினியில் வைத்துக்கொண்டேன். இன்னொன்று பார்க்க அச்சாக அதேதான். ஆனால் ஈசானி மூலையில் மட்டும் ஏரிப்படுகை, கரை, விருந்தாளிகள் நிற்கும் வெளி எல்லாம் ஒற்றை அடுக்கு மணல். அடியில் அறுபது கட்டை ஆழத்துக்கு வெறும் குழி. மற்ற இடத்துக்குச் சரிவு பரவாமல் இருக்கச் சுற்றிலும் பாறை வரப்பு ஒன்று ஓடவிட்டேன். அந்தப் பாறை வரப்பு இயற்கையாகத் தெரிவதற்கே மூன்று நாள் பிடித்தது. பழி வாங்குகிற வேலையானாலும் கை சுத்தமாக இருக்கவேண்டும்.

வினோத்குமார் முட்டாள் இல்லை. வாங்குகிற சரக்கைத் தட்டிப் பார்ப்பார். சந்தையில் இதற்கு ஒரு வழி உண்டு. சொத்தை மாட்டை விற்க வருகிறவன் அதை முழுக்க மூடி மறைக்கமாட்டான். காதில் ஒரு சின்னக் கிழிசலை வாங்குகிறவன் கண்ணில் படும்படி விட்டுவிடுவான். வாங்குகிறவன் அதைக் கண்டுபிடித்து, அதற்காக விலையைக் குறைத்து, தான் கெட்டிக்காரன் என்ற சந்தோஷத்தில் பல்லைப் பிடித்துப் பார்க்க மறந்துபோவான்.

நான் மேற்குச் சரிவில் ஒரு பனைமரத்தைத் தரையிலிருந்து ஒரு கட்டை உயரத்தில் தொங்கவிட்டேன்.

அவர் அரை மணி நேரம் சுற்றினார். நடுவில் தோண்டினார், தெற்கே தோண்டினார், எல்லாம் கெட்டி. ஈசானி மூலையில் கை வைக்கவில்லை, நல்ல நேரம் வரவில்லையே. மேற்கே போனதும் பனைமரம் கண்ணில் பட்டது. ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார். மரம் நடுவது ஒன்றுதான் உன் வேலை, அதையும் அந்தரத்தில் நடுவாயா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு மரத்தை இறக்கிவைத்தேன். நிலம் பிரமாதம் என்று பிரபாவுக்கு அப்போதே செய்தி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். கணினி மேசை மேல் கற்பூரம். நேரலையில் பன்னிரண்டாயிரம் பேர். உலகத்துக்குள் இருநூறு விருந்தாளிகள் ஏரிக்கரையில் வரிசையாக நின்றார்கள். இந்த நிலத்தின் ஒவ்வொரு கட்டையும் தன் கையால் வைத்தது என்று வினோத்குமார் சொன்னார். அவர் அதைச் சொல்வதற்காகத்தான் நான் காத்திருந்தேன். பிறகு தங்க மண்வெட்டியை எடுத்து, ஈசானி மூலையில், கிழக்கு பார்த்து, முதல் மண்ணை வெட்டினார்.

ஒரு கட்டை போனது. பக்கத்துக் கட்டை போனது. பிறகு கரை போனது, வெளி போனது, படுகை போனது, ஏரி முழுவதும் குழிக்குள் கொட்டியது. இருநூறு பேரும் அவரோடு சேர்ந்து உள்ளே போனார்கள். மண்டபம் கல் ஆனதால் விழவில்லை. நாலு தூணும் படிக்கட்டுமாக அந்தரத்தில் நின்றது.

பிரபாவின் குரல் அமைதியாகத்தான் கேட்டது. "வினோத், இது திட்டத்துல இருக்கா?"

"இது ஒரு எபெக்ட், மேடம்" என்றார் அவர், குழிக்குள்ளிருந்து.

குழியின் அடியில் நீர் எட்டாத ஒரு மேடை விட்டிருந்தேன். விழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தால் அது கண்ணில் படும். அங்கே இருபது பனைமரங்கள், அளவெடுத்த மாதிரி ஒரே கோட்டில். நான் செய்த நிலங்களிலேயே நேர்கோடு அது ஒன்றுதான். பக்கத்தில் ஒரு பலகை: 'மரம் நட்டவள் சித்ரா, ஏகாம்பரம் மகள்.'

பலகையைப் படித்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தபோது நான் கெட்டியான நிலத்தைப் பிரபாவுக்கு அனுப்பினேன், செய்த தேதிகளோடு. வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஏறும்போது அவரிடமிருந்து ஒரே வரி பதில் வந்தது. இனி நிலம் சம்பந்தமாக உங்களிடம்தான் பேசுவேன் என்று.

வினோத்குமார் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் கட்டியிருந்த எருமையைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வந்ததும் வினோத்குமார் கேஸ் போடுவேன் என்று ஆரம்பித்தார்.

"போடுங்கண்ணா" என்றேன். "நெலம் யார் செஞ்சதுன்னு அங்கதான் மொதல்ல கேப்பாங்க. ஒவ்வொரு கட்டையும் என் கையால வெச்சதுன்னு பன்னெண்டாயிரம் பேர் கேக்கச் சொல்லிக்கினு இருந்தீங்களே."

அப்பாவுக்கு விளையாட்டு புரியாது, ஆனால் இந்தப் பேச்சு புரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வந்த காரியம் வெளியே வந்தது. பழைய நான்கு உலகங்களின் சொந்தக்காரர்களும் இரண்டு நாளாகப் போன் போட்டு அவரைத் தூங்கவிடவில்லை. எங்கள் நிலத்திலும் குழி இருக்கிறதா என்று ஒரே கேள்வி. செய்தவருக்குத்தானே தெரியும். அவருக்குத் தெரியவில்லை. தோண்டிப் பார்க்கவும் பயம், எந்த மூலையில் தொட்டால் எது போகுமோ என்று.

"அந்த நாலுல இன்னா வெச்சிருக்க, சித்ரா?"

நான் அப்பாவின் தோளிலிருந்து துண்டை எடுத்து என் கைமேல் போட்டுக்கொண்டு நீட்டினேன். சந்தையில் விலை பேசுவது துண்டுக்கு அடியில்தான், வாயால் அல்ல, விரலைப் பிடித்து. பெண்கள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, எருமையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வினோத்குமார் தயங்கித் தயங்கிக் கையை உள்ளே விட்டார். காசு என்று நினைத்து முகம் வெளுத்தது. இது காசு இல்லை, என் பேரை எத்தனை நிலத்துக்குச் சொல்வீர்கள் என்று பிடித்துக் காட்டுங்கள் என்றேன். நேரலையில், உங்கள் வாயால். சொன்னால் நான்கையும் சோதித்து எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

என் ஒரு விரலைப் பிடித்தார். நான் உதறினேன். இரண்டைப் பிடித்தார். உதறினேன். அவர் கை வேர்த்திருந்தது. மூன்றில் கொஞ்ச நேரம் நின்றார். நான் அவர் நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்து இறுக்கினேன், எலும்பு தெரிகிற மாதிரி. பிறகு கட்டைவிரலையும் சேர்த்துக்கொண்டேன்.

"நாலுதானே, அஞ்சாவது எதுக்கு?" என்றார்.

"அது மாட்டுத் தடத்துக்கு."

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "பேரம் படிஞ்சிடுச்சா? தம்பிக்கு மோர் குடும்மா."

புதன்கிழமை சொன்னார். நான்கு நிலங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சித்ரா செய்தது என்றார். கடைசியில், மாடு எப்படி இறங்கும் என்று தனக்குத் தெரியாது, அதுவும் அந்தப் பெண் சொன்னது என்றார். பதினாலாயிரம் பேர் கேட்டார்கள். நானும் அப்பாவும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். அப்பா இரண்டாவது முறை போடச் சொன்னார்.

பேச்சு பேச்சுதான். அதற்கு மறுநாளிலிருந்து ஒன்பது நாள் அந்த நான்கு நிலங்களையும் சோதித்தேன். சோதனை என்றால், உள்ளே போய் ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு டீ குடிப்பது. நான்கிலும் ஒரு குழியும் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவை நான் ஒழுங்காகச் செய்த நிலங்கள். கெட்டியாக இருக்கின்றன என்று நான்கு சொந்தக்காரர்களுக்கும் என் பெயரில் எழுதிக் கொடுத்தேன்.

கம்பெனியில் என் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வினோத்குமார் மாடிப்படிவரை பின்னால் வந்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நெஜமாவே அந்த நாலுல ஒண்ணும் இல்லியே?"

"தோண்டிப் பாருங்கண்ணா" என்றேன். "நல்ல நேரம் பாத்து."

மாதம் மூன்றாகிறது. இன்னும் தோண்டவில்லையாம்.