தானே எழுந்துகொண்டார்

தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் ஒரு பட்டன் தொங்கும். கீழே விழுந்தால் அமுக்குவார்கள், எங்கள் அலுவலகத்தில் மணி அடிக்கும். "விழுந்துட்டீங்களா?" என்று அந்தப் பட்டன் வழியாகவே நான் கேட்பேன். ஒன்பது வருடமாக இதே கேள்வி. நலமா என்று கேட்கச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை.

ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் முதன்முதலில் அமுக்கியது சாயங்காலம் நாலு மணிக்கு. நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர், மனைவி இறந்துவிட்டார், மகள் வெளியூர் என்று திரையில் இருந்தது.

"விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா, நல்லாத்தான் உக்காந்திருக்கேன். காலைலேர்ந்து யார்கிட்டயும் பேசலை. குரல் இருக்கா போயிடுச்சான்னு பாத்தேன்."

எரிந்து விழுந்தேன். "இதுக்கெல்லாம் அமுக்கக் கூடாது சார். மாசத்துல மூணு தடவைக்கு மேல சும்மா அமுக்கினா பட்டனைத் திரும்ப வாங்கிடுவாங்க."

"அப்ப இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டிலும் பேச ஆளில்லை. தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுகிறவள் நான்.

அந்த இரண்டும் தீர்ந்தன. நாலாம் நாள் மணி அடித்தபோது, படிவத்தில் 'விழுந்தார்' என்று போட்டுவிட்டேன். எப்படி என்று அடுத்த கட்டம் கேட்டது. வழுக்கினார். மறுநாள் இடறினார். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்தார், தலைசுற்றிச் சாய்ந்தார், கட்டிலிலிருந்து உருண்டார். மனிதன் கீழே போக இத்தனை வழி இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கடைசி வரி மட்டும் மாறாது: தானே எழுந்துகொண்டார். ஆம்புலன்ஸ் போகாமலிருக்க அது போதும்.

"இன்னைக்கு எப்படிம்மா விழுந்தேன்?" என்பார்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டீங்க."

"நான் இன்னைக்குக் குளிக்கவே இல்லையேம்மா!"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மாதக் கடைசியில் அறிக்கை குடும்பத்துக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மகள் போன் செய்தாள். "ஒரே மாசத்துல பதினேழு தடவை விழுந்திருக்காருங்க. நீங்கதான் எழுதியிருக்கீங்க. இனிமே எப்படித் தனியா விடறது? அந்த வீட்டை விட்டு வரமாட்டேன்னு பிடிவாதமா இருந்தார். இப்ப முதியோர் ஹோம்ல இடம் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்." சொல்லிவிட்டு அழுதாள். நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் விழவே இல்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. பொய் எழுதியவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? "யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்று முணுமுணுத்தேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மணி அடித்தது. நான் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"பொண்ணு கேட்டாம்மா, நெஜமாவே விழுந்தீங்களாப்பான்னு. இல்லவே இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் உன் நெனப்பு வந்துச்சு. ஆமா கண்ணு, விழுந்தேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"இல்லைன்னா உன் வேலை போயிடாதா?"

'இருங்க சார், உங்க மகள்கிட்ட இப்பவே சொல்லிடறேன்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவரும் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"உடம்பைப் பாத்துக்கங்க சார்" என்றேன்.

"சரிம்மா" என்றார்.