மூன்றாவது ஆட்டத்துக்குச் சுண்ணாம்பு

ராக்கையாவுக்குத் தெரிந்த கூடையெல்லாம் திராட்சைக் கூடைதான். அதற்கு அடிப்பக்கம் உண்டு. அடிப்பக்கமே இல்லாத ஒரு கூடைக்குள் பந்தைப் போட்டு, அது கீழே விழுந்ததும் மறுபடி அதைப் போடுவதற்காகப் பத்துப் பேர் வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறார்கள் என்றால், அவர்கள் வீட்டில் வேலை வெட்டி இல்லை என்றுதான் அர்த்தம். மகன் ஒச்சாண்டியைப் பற்றி ஐந்து வருடமாக அவர் சொல்லிவந்தது இதைத்தான். காமயகவுண்டன்பட்டியில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை இருந்தது. ஒரே மகன். அவன் ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்ததைக்கூட, பந்தலுக்கடியில் நிமிர்ந்து நடக்க முடியாத குறையாகத்தான் அவர் பார்த்தார்.

அப்படிப்பட்ட மனிதர் எழுபத்து நாலாம் வருடம் மே மாதத்தில், கம்பம் மைதானத்தின் சவுக்குக் கட்டை கேலரியில், மூன்று நாள் தொடர்ந்து முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

அங்கே நடந்த கூடைப்பந்துப் போட்டி ஜேசுராஜின் ஏற்பாடு. ஏலக்காய் வியாபாரி, கூடைப்பந்துக் கிளப்பின் செயலாளர். ஒரு ஆசை பிடித்துக்கொண்டால் அவரை விடாது. உள்ளூர்ப் போட்டி நடத்தினார், மாநிலப் போட்டி நடத்தினார், பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பினாங்கிலிருந்து ஓர் அணியும் கொழும்பிலிருந்து ஓர் அணியும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கின. மொத்தம் எட்டு அணிகள், இரண்டு பிரிவுகள். கம்பத்துக்காரர்கள் இருந்த பிரிவில் பினாங்கு, கொழும்பு, கோட்டயம். ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆட வேண்டும்; முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள்.

கம்பம் அணியில் ஆடிய ஒச்சாண்டிக்கு வேறொரு கணக்கும் இருந்தது. இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் தேடி மெட்ராஸிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். தொப்பி போட்ட மனிதர், அதிகம் பேசாதவர். முதல் நாள் பினாங்கிடம் கம்பம் தோற்றது. ஆனால் ஒச்சாண்டி மட்டும் இருபத்தேழு புள்ளி போட்டான். இரண்டாம் நாள் கோட்டயத்தை ஜெயித்தார்கள். அவன் முப்பத்து மூன்று. அன்று சாயங்காலம் தேர்வாளர் ஜேசுராஜைக் கூப்பிட்டு, நாளைக்குக் கொழும்போடு இவன் ஆடுவதைப் பார்த்துவிட்டு முகாமுக்கு எழுதிவிடுகிறேன் என்று சொன்னார். முகாமுக்குப் போனால் மெட்ராஸில் வேலை. ஜேசுராஜ் அதை ராக்கையாவிடம் வந்து சொன்னார். ஐந்து வருடம் வெட்டிப்பயல் என்று திட்டிய மகன்தான் அவன். அன்று வழியில் கண்டவரிடமெல்லாம் வலியப்போய்ப் பேச்சுக் கொடுத்து, கடைசியில் அதைச் சொல்லாமல் அவர் விடவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் கோடை மழை கொட்டித் தீர்த்தது.

மண் தரைதான் அது. செம்மண்ணும் களியும் போட்டு உருளை ஓட்டிக் கெட்டித்த ஆடுகளம். மதியம் வெயில் அடித்ததும் தரை தேறிவிட்டது, கோடுகள்தான் ஒன்றும் மிச்சமில்லை. கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூள், கூரை ஒழுகிக் களியாகிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, கம்பத்தில் கடை இல்லை. தேனிக்கு ஆள் அனுப்பினால் அவன் திரும்புவதற்குள் ஆட்டநேரம் தாண்டிவிடும். கோடு இல்லாமல் கொழும்புக்காரர்கள் இறங்க மாட்டார்கள், வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் மானம் போய்விடும் என்று ஜேசுராஜ் கையைப் பிசைந்தார்.

"நம்ம தோட்டத்துல இருக்கு. நான் கொண்டாறேன்" என்றார் ராக்கையா.

திராட்சைக்காரன் வீட்டில் சுண்ணாம்பு இல்லாமல் இருக்காது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத்தான் கொடிக்கு மருந்தடிப்பார்கள். அதற்கு வேண்டியது கல்லுச் சுண்ணாம்பு, சூளையிலிருந்து வந்தபடியே இருப்பது. தண்ணீர் ஊற்றி நீற்றினால் சீறிக்கொண்டு கொதிக்கும். கொதித்து அடங்கிய பிறகுதான் அது கைக்கு அடங்கின பொருள். அன்றைக்கு அவரிடம் இருந்ததெல்லாம் கொதிக்காத கல். இடித்துச் சலித்து ஒரு சாக்கில் கட்டினார்.

மனைவி ராமுத்தாய் பார்த்துக்கொண்டே நின்றவள், "நீத்தாம கொண்டு போறீக. பிள்ளைக ஓடுற எடம்" என்றாள்.

நேரமில்லை என்றார். தரை ஈரமாக இருக்கிறது, போட்டதும் தானாக வெந்து அடங்கிவிடும் என்றார். அவருக்குத் தெரிந்த சுண்ணாம்பு அப்படித்தான். தண்ணீரைக் கண்டால் அரை நாழிகையில் அடங்கிவிடும். தொட்டித் தண்ணீருக்கும் வெயில் குடித்து மிஞ்சிய ஈரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. சைக்கிளில் சாக்கை ஏற்றிக்கொண்டு பறந்தார்.

தன் கையாலேயே கோடு போட்டார். மற்றவர்கள் சிக்கனமாகத் தூவுவார்கள். இவர் மகன் ஆடுகிற களம் என்று கனமாக, விரல் தடிமனுக்குப் போட்டார். அடியில் பட்டது வெந்தது. மேலே இருந்தது அப்படியே உயிரோடு கிடந்தது. அந்த வெள்ளையைப் பார்த்துக் கொழும்பு அணியின் பயிற்சியாளரே நல்ல கோடு என்று தமிழில் பாராட்டினார். ஜேசுராஜ் மைக்கைப் பிடித்து, கோடுகளுக்கான சுண்ணாம்பு அன்பளிப்பு காமயகவுண்டன்பட்டி ராக்கையா அவர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். கேலரி கைதட்டியது. ராக்கையா எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் அவருக்காக ஒரு கூட்டம் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

நாலு மணிக்கு ஆட்டம். ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க அவர் தோட்டத்தில் வேலை செய்யும் பவுனுவை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் குடத்தோடு களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் கொழும்பு ஐந்து புள்ளி முன்னால். பிறகு ஒச்சாண்டி எழுந்தான். எட்டி எடுத்தான், சுற்றிப் போட்டான், இரண்டு பேர் மறித்தாலும் அவர்கள் தலைக்கு மேலே போட்டான். தேர்வாளர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாலு நிமிடம் இருக்கும்போது இரண்டு அணியும் சமம்.

அப்போதுதான் பந்து ஒன்று கைதவறிப் பக்கக்கோட்டைத் தாண்டப் பார்த்தது. விட்டிருக்கலாம். ஒரு பந்துதான். ஒச்சாண்டி விடுகிறவன் இல்லை. பாய்ந்து அதை உள்ளே தட்டிவிட்டான். தட்டிய வேகத்தில் குப்புற விழுந்து, வேர்வை வழிகிற முகத்தோடு கோட்டின்மேல் ஒரு முழம் இழுபட்டான்.

முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். அவன் எழவில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுருண்டான். அவன் போட்ட சத்தம் ராக்கையா இருபது வருடத்தில் அவனிடம் கேட்டறியாத சத்தம்.

முதலில் ஓடிவந்தவள் பவுனு. குடத்தைச் சாய்த்து அவன் முகத்தில் ஊற்றப் போனாள். கேலரியிலிருந்து குதித்து வந்த ராக்கையா அந்தக் குடத்தைத் தட்டிவிட்டார். குடம் உருண்டு தண்ணீரெல்லாம் மண்ணில் போயிற்று.

"தண்ணி ஊத்தாதீக. கல்லுச் சுண்ணாம்பு. தண்ணி பட்டா கண்ணுக்குள்ளயே கொதிச்சுரும்."

யார் மறுத்துப் பேசுவார்கள்? சுண்ணாம்போடு புழங்குகிறவர், பெற்ற தகப்பன். சோடா பாட்டிலோடு ஓடிவந்தவன்கூட நின்றுவிட்டான். யாரோ வீட்டிலிருந்து விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்கள். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, துணியால் கட்டி, ஜேசுராஜின் ஜீப்பில் ஏற்றி மதுரைக்கு ஓட்டினார்கள். தேனி தாண்டும்வரை அவன் முனகிக்கொண்டே வந்தான். அதற்குப் பிறகு முனகலும் இல்லை.

ஆட்டத்தில் கம்பம் தோற்றது. தேர்வாளர் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை, அவர் ஆள் பார்க்க வந்தவர்.

மதுரை ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ராக்கையாவை மட்டும் தனியே கூப்பிட்டார். வலது கண் போய்விட்டது என்றார். இடது கண் தப்பிவிட்டது என்றார். பிறகு, குறை சொல்கிற குரலில் இல்லை, தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்: விழுந்த உடனே தண்ணீரை ஊற்றி அரைமணி நேரம் விடாமல் கழுவியிருந்தால் சுண்ணாம்பு கரைந்து வெளியே போயிருக்கும், கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம், அங்கே தண்ணீர் கொண்டுவர ஒருத்தர்கூட இல்லையா?

"தண்ணி கெடைக்கல, அய்யா" என்றார் ராக்கையா.

சுண்ணாம்பு அவருடையது என்பது ஊருக்கே தெரியும். மைக்கில் சொன்ன விஷயம். அதற்காக யாரும் அவரைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ராமுத்தாய்கூடப் பேசவில்லை, அவள் பேசாததுதான் அவரைக் கொன்றது. மகனே வாய்விட்டுச் சொன்னான், மழைக்கு யாரு பொறுப்பு, எனக்காகத்தானே ஓடிப்போய்க் கொண்டுவந்தீக என்று. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறொன்று. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், கட்டுப் போட்ட முகத்தோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒச்சாண்டி ஒரு கதை சொன்னான்.

"அய்யா மட்டும் அன்னிக்குத் தண்ணிய ஊத்த விட்டிருந்தா ரெண்டு கண்ணும் வெந்து போயிருக்கும். அவுகதான் தடுத்தாக."

கேட்டவர்கள் ராக்கையாவைத் திரும்பிப் பார்ப்பார்கள், மரியாதையோடு. அவர் வெளியே எழுந்து போய்விடுவார். ஜேசுராஜ் ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். சொன்னால் இந்தப் பிள்ளைக்கு மிச்சமிருப்பது என்ன? கண் போயிற்று, ஆட்டம் போயிற்று, மெட்ராஸ் போயிற்று. அப்பன் காப்பாற்றினான் என்கிற ஒன்றுதான் அவனிடம் இருந்தது. அவனுக்காகத்தான் சொல்லவில்லை என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதில் பாதி பொய் என்பது அவருக்கே தெரியும். இரவில் படுத்தால், குடம் உருண்ட சத்தம்தான் காதில் கேட்டது.

ஒற்றைக் கண்ணால் பந்தின் தூரம் பிடிபடவில்லை. ஒச்சாண்டி இரண்டு தடவை மைதானத்துக்குப் போய்விட்டு வந்தான். மூன்றாம் தடவை போகவில்லை. தோட்டத்து வேலையில் இறங்கினான். பந்தலுக்கடியில் நாள் முழுக்கக் குனிந்து நடந்தான். மகன் தோட்டத்துக்கு வர வேண்டும் என்று அத்தனை வருடம் ஆசைப்பட்டவர், அந்தக் கூன் முதுகைப் பார்க்க முடியாமல் மோட்டார் அறைப் பக்கமே கிடந்தார்.

அடுத்த வருடம் கவாத்து முடிந்து கொடி துளிர்த்த நேரம். மருந்தடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லை எடுத்து டிரம்மில் போட்டது பவுனு. போட்ட கல் தெறித்துப் பொங்கி, அவள் முகத்தில் அடித்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். வேலையாட்களில் ஒருத்தி வாளியைத் தூக்கினாள்.

"தண்ணிய ஊத்தாதீக" என்று கத்தினான் ஒச்சாண்டி. "கொதிச்சுரும். ஆத்தாகிட்டப் போயி வெளக்கெண்ணெ வாங்கிட்டு வாங்க, ஓடுங்க."

வாளிக்காரி நின்றுவிட்டாள். அந்தக் குரல் அப்படி. மோட்டார் அறை வாசலில் நின்ற ராக்கையாவுக்கு, தன்னுடைய குரலே மகன் வாயிலிருந்து வருவதைக் கேட்டதுபோல் இருந்தது.

ஒரு மூச்சு நேரம் அவர் அப்படியே நின்றார். அந்த ஒரு மூச்சுக்காகவும் அவர் பிறகு வெட்கப்பட்டார். எண்ணெய் வரட்டும் என்று விட்டிருந்தால், அவர் மகனின் கதை கடைசிவரை அப்படியே இருந்திருக்கும். பவுனுவுக்குக் கண் இருந்திருக்காது.

ஓடினார். பவுனுவின் கையைப் பிடித்துத் தரதரவென்று பம்புசெட் தொட்டிக்கு இழுத்துப்போனார். மகன் குறுக்கே வந்து தோளைப் பிடித்தான். அவனைத் தள்ளினார். பவுனுவின் தலையைச் சாய்த்து, கண்ணை விரலால் விரித்துப் பிடித்து, செம்பு செம்பாகத் தண்ணீரை ஊற்றினார். அவள் திமிறினாள். விடவில்லை. வெள்ளையாக வழிந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. பத்து நிமிடம் கழித்து அவள் திமிறுவதை நிறுத்தினாள். கண்ணைச் சிமிட்டினாள்.

"எரிச்சல் மட்டுப்படுது" என்றாள். பிறகு, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், வாயில் வந்ததைக் கேட்டாள். "அன்னிக்கு நானும் தண்ணிதான கொண்டாந்தேன். ஏன் கொடத்தத் தட்டிவிட்டீக?"

ராக்கையாவின் கை நின்றது. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த ராமுத்தாய் வரப்பிலேயே நின்றுவிட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஒச்சாண்டி தொட்டியின் அந்தப் பக்கம் சுற்றி வந்தான். இடது கண்ணுக்கு அவர் முகம் தெரிகிற இடத்தில் வந்து நின்றான்.

"தண்ணி ஊத்தலாம்னு உங்களுக்கு எப்பத் தெரியும், அய்யா?"

"மதுரையிலயே தெரியும். டாக்டர் சொன்னாரு."

அவன் அவரை நெடுநேரம் பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொன்னோம் என்று எண்ணிப் பார்க்கிறவன் மாதிரி இருந்தது. திட்டுவான், அடிப்பான் என்று ராக்கையா காத்திருந்தார். அதற்காக ஏங்கினார் என்றுகூடச் சொல்லலாம்.

"எம்புட்டு நேரம் ஊத்தணும்னு சொன்னாக?"

"அரைமணி நேரம்."

"அப்ப ஏன் நிறுத்திட்டீக" என்றான் ஒச்சாண்டி. "ஊத்துங்க."

அவர் செம்பைத் தொட்டியில் முக்கினார். மகன் பந்தலுக்கடியில் குனிந்து நடந்து போய்விட்டான். அரைமணி நேரம் முடிகிறவரை அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.