தாயைக் காணாத குஞ்சுகள்

இரண்டு வருடம் மழை பொய்த்துக் கிணறு வறண்டபோது வசந்தாமணி வெள்ளாமையை விட்டுக் கோழிக்கு மாறினாள். கணவன் கந்தவேல் லாரியோடு பாதி மாதம் வடக்கே இருப்பான். மோகனூர் சாலையோரம் நின்ற கோழிக்கொட்டாயும் அதற்குள் இருந்த உயிர்களும் முழுக்க அவள் பொறுப்பு.

எண்பத்தைந்தாம் வருடம், ஐப்பசியில் அந்தக் கழிசல் வந்தது. பொரிப்பகத்திலிருந்து அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் குஞ்சுகள் முதல் வாரத்திலேயே கழிந்தன. பின்பக்கம் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குண்டு பல்பின் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். காலையில் கூடையில் அள்ளிப் போய்க் குழியில் போடுவாள். மருந்து கலந்தால் நிற்கும். நிறுத்தினால் மறுபடி வரும். கொட்டாயைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். புது உமி பரப்பினாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றினாள். அடுத்து வந்த குஞ்சுகளும் அப்படியே போயின.

மார்கழியில் ஒரு நாள் காலை, வீட்டு நாட்டுக்கோழி ஒன்று கொட்டாய் மூலையில் உட்கார்ந்திருந்தது. அடையிலிருந்த கோழி, கிழிந்த வலை வழியாக நுழைந்திருக்கிறது. விரட்டப் போனவள் நின்றாள். அதன் இறக்கைக்கு அடியிலிருந்து ஐந்தாறு மஞ்சள் தலைகள் எட்டிப் பார்த்தன. பெட்டியில் வந்த குஞ்சுகள்தான். ‘எப்படியும் சாகப்போவது, கதகதப்பிலாவது சாகட்டும்’ என்று விட்டுவிட்டாள்.

அவை சாகவில்லை. கோழியின் பின்னாலேயே ஓடி, அது கிளறிய உமியில் அதன் எச்சத்தையும் சேர்த்துக் கொத்தித் தின்றன. மற்றவை வாடிச் சரிந்த அதே கொட்டாயில் அவை மட்டும் கொழுகொழுவென்று நின்றன. வசந்தாமணி அதற்குமேல் காத்திருக்கவில்லை. அவற்றில் ஒன்றையும் செத்த குஞ்சு ஒன்றையும் கூடையில் வைத்துக்கொண்டு நாமக்கல்லுக்கு பஸ் ஏறினாள்.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் தெய்வநாயகிக்கு அவள் வயதுதான் இருக்கும். சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண். கதையைக் கேட்டுவிட்டு இரண்டு குஞ்சுகளையும் கூடையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“ரெண்டும் ஒரே பெட்டியில வந்ததா?”

“ஆமாங்க டாக்டரம்மா. ஒரே தீவனம், ஒரே தண்ணிங்க.”

“இப்படி நடக்கும்னு படிச்சிருக்கேங்க. கண்ணால பாக்கறது இப்பதான்.” அவள் குரல் தணிந்திருந்தது. “மெஷின்ல பொரிச்ச குஞ்சு தாயைப் பாக்கறதே இல்ல. குடல் காலியா வருது. காலியா கெடக்கற எடத்துல நோய்க்கிருமி வந்து குடியேறிடுது. இந்தக் குஞ்சுங்க தாய்க்கோழியோட எச்சத்துலருந்து நல்ல கிருமிய வாங்கிருச்சு. அது முன்னாடியே போயி எடம் புடிச்சிருச்சு.”

“கிருமில நல்லதும் இருக்குதுங்களா?”

தெய்வநாயகி உயிரோடிருந்த குஞ்சின் எச்சத்தைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் விழும்படி கீழிருந்த கண்ணாடியைத் திருப்பினாள். “பாருங்க.”

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு அது அசைந்தது. குச்சியாகவும் புள்ளியாகவும் சங்கிலியாகவும், நெளிந்தும் சுழன்றும், தேர்த் திருவிழாவில் ரத வீதி நிறைவதுபோல் கூட்டம் கூட்டமாக உயிர்கள். வசந்தாமணி கண்ணை எடுக்கவில்லை.

“இத்தனையும் ஒரு சொட்டுலீங்களா?”

“ஒரு சொட்டுல ஒரு மூலைதான் தெரியுது. நம்ம வயித்துலயும் இப்படித்தான் இருக்குது.”

வசந்தாமணியின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

அந்த நாட்டுக்கோழியின் ரத்தத்தையும் எச்சத்தையும் பரிசோதித்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே தெய்வநாயகி அந்தக் கிருமிகளைப் பாட்டிலில் வளர்த்தாள். அடுத்த பெட்டி வந்த அன்று அவளே கொட்டாய்க்கு வந்து, நடுவில் வலை கட்டச் சொன்னாள். ஒரு பாதிக்கு முதல் தண்ணீரில் பாட்டிலில் இருந்ததைக் கலக்கவேண்டும். மறு பாதிக்கு வெறும் தண்ணீர்.

“எல்லாத்துக்கும் ஊத்திப் போடலாமுங்களே?”

“ஊத்துனா, எதனால பொழச்சுதுன்னு நமக்குத் தெரியாமப் போயிரும்.”

வசந்தாமணிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் கட்டினாள்.

நான்காம் நாள் வெறும் தண்ணீர் குடித்த பாதியில் கழிசல் தொடங்கியது. அவள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள். அன்றும் பார்க்க வந்திருந்த தெய்வநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இனி ஊத்திப் பிரயோசனம் இல்லீங்க. எடம் போயிருச்சு. மருந்து குடுத்து எத்தனைய மிச்சம் பண்ண முடியுதோ பாப்போம்.”

கூடை மறுபடி குழிக்குப் போனது. ஆனால் வலையின் இந்தப் பக்கம், ஏதோ ஒன்றிரண்டு தவிர, குஞ்சுகள் தட்டில் ஏறி மிதித்துத் தீவனத்தை இறைத்துத் தின்றன. நடுவில் இருந்தது ஒரு விரல் நுழையும் வலைதான். காற்றும் வெளிச்சமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வசந்தாமணி வலையருகே குனிந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எப்படீங்க காப்பாத்துது? எடத்தை அடைச்சுக்கறது மட்டுந்தானா?”

“உடம்புக்கே எதிரி யாருன்னு சொல்லிக்குடுக்குதோ என்னமோ. முழுசா யாருக்கும் தெரியலீங்க. எனக்குச் சத்தியமாத் தெரியல.”

பொங்கல் முடிந்து லாரியோடு வந்த கந்தவேல் கேட்டுவிட்டுச் சிரித்தான். “கோழி எச்சத்தையா குடிக்கக் குடுத்த?”

“சிரிக்காதீங்க. உள்ளுக்குள்ள ஒரு ஊரே இருக்குது. நான் பாத்தேன்.”

அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பை நிறுத்தினான்.

அடுத்த பெட்டிக்கு வலை கட்டவில்லை. வசந்தாமணி ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்து, அலகை அந்த நல்ல கிருமி கலந்த தண்ணீரில் நனைத்து விட்டாள். குஞ்சு தலையைத் தூக்கி, கண்ணை மூடி, விழுங்கியது. கும்பிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. எதைப் பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.