சீசனுக்குப் போகும் புல்தரை

எங்கள் கல்லூரிப் புல்தரை ஆண்டுதோறும் ஆனிச் சாரலில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதற்கு நான்தான் காரணம். பொருளாதாரம் நடத்துகிற என்னைத் தோட்டப் பொறுப்பாளராகப் போட்டது கல்லூரிச் செயலாளர் சங்கரநாராயணன் அண்ணாச்சியின் தவறு. வடகரையில் கல்லூரிக்காக வாங்கிய புல்லைச் சுருட்டி லாரியில் ஏற்றிய பிறகு, அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாமே என்று வண்டியைக் குற்றாலத்துக்குத் திருப்பியது என் தவறு. நான் எண்ணெய் தேய்த்து, குளித்து, பஜ்ஜி தின்று, மறுபடியும் குளித்து முடிக்கும்வரை புல் சாரலில் நனைந்து கிடந்தது. ருசி கண்டுவிட்டது.

மறு ஆண்டு, செங்கோட்டைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்த காலையில் நூலகத்துக்கு முன்னால் வெறும் செம்மண்தான் இருந்தது. புல்தரை சாலையின் இடப்பக்கமாக ஒழுங்காக ஊர்ந்து போனதை டவுன் பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அருவியில் அதை ஆண்கள் பக்கம் விடுவதா, பெண்கள் பக்கம் விடுவதா என்று போலீஸ்காரர் சற்று யோசித்தார். வழியில் ஏறிக்கொண்ட குழந்தைகள் மேலே உட்கார்ந்திருந்ததால் பெண்கள் பக்கம் அனுப்பினார். சாயங்காலமே ஈரம் சொட்டத் திரும்பி வந்து, மூலைகளை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட வருடம் மட்டும் ஒரு வாரம் மஞ்சளித்துக் கிடந்தது. மற்றபடி யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீசனில் யார்தான் குளிக்கப் போகவில்லை? புல்லுக்குள் யாருடைய சோப்புப் பெட்டியோ ஒற்றைக் கொலுசோ வந்திருந்தால், நூலகர் ஜெபமலர் எடுத்து வைத்து, தேடி வந்தவர்களிடம் கொடுப்பார்.

அந்த ஜெபமலரிடம், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று வருடம் தவறாமல் கேட்டுவந்தேன். சீசன் முடியட்டும் என்பார். முடிந்தால், பரீட்சை முடியட்டும் என்பார். ஒருமுறை வற்புறுத்தியபோது, "ஒரு லாரி புல்ல நேரா காலேஜுக்குக் கொண்டுவரத் தெரியல. உங்கள நம்பி ஒரு குடும்பத்த எப்படி சார் ஏத்திவிடுதது?" என்றார். நான் புல்லுக்குத் தண்ணீர் விடப் போனேன்.

இந்த ஆனியில், பல்கலைக்கழகத்து ஆய்வுக்குழு வந்த அன்றைக்கே காற்றும் வந்தது. அண்ணாச்சி பசுமை வளாகத்தைக் காட்டக் கையை நீட்டினார். செம்மண்ணில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. மத்தியானமே தரையில் பாவ சிமெண்ட் கல் வந்திறங்கியது. அண்ணாச்சியின் மைத்துனருக்கு அந்த வியாபாரம். திரும்பி வருகிற புல்லுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன்.

"வேற எடம் பாத்துக்கிடச் சொல்லும்வே."

கல் பாவுவதற்குள் புல்லைக் கூட்டிவர நான் பஸ்ஸுக்கு ஓடியபோது, ஜெபமலர் நூலக நாற்காலியைச் செம்மண்ணின் நடுவில் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்திருந்தார். கொத்தனார்கள் கல்லும் கையுமாக நின்றார்கள்.

குற்றாலத்தில் புல்தரை வரிசையின் கடைசியில் நின்றது. விஷயத்தைச் சொன்னேன்; அசையவில்லை. குளிக்காமல் வராது என்று எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதிதான். எண்ணெய் தேய்க்கிறவர் பழைய பழக்கத்தில் கூப்பிட்டார். நான் சாரல் எட்டாத ரம்புட்டான் கடைக்குள் ஒதுங்கி, அருவிக்கு முதுகைக் காட்டி நின்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கடினமான காரியம் வேறு செய்ததில்லை. குளித்து வந்ததும் நான் முன்னால் நடக்க, அது பின்னால் வந்தது. ஐந்தருவிச் சாலையைக் கண்டதும் அதன் ஒரு முனை அந்தப் பக்கம் மடங்கியது. கூடாது என்றேன், எனக்கும் சேர்த்து.

கல்லூரிக்குள் நுழைந்ததும் கொத்தனார்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். புல் நாற்காலிக்கு அடியில் புகுந்து, ஜெபமலரை அப்படியே ஒரு சாண் உயர்த்தி, தன் இடத்தில் படுத்துக்கொண்டது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்துப் பார்த்தார். பிறகு மற்றதையும் வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, கல்லைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பாவச் சொன்னார்.

ஜெபமலர் என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"குளிக்கலையா?"

"இல்ல."

"அருவில தண்ணி?"

"கொட்டுது."

அவர் செருப்பிலிருந்து கால்களை எடுத்து ஈரப்புல்லில் வைத்தார்.

"சரி, கட்டிக்கிடுவோம்," என்றார்.