ஆளுக்கு மூன்று செங்கல்

கரமனை விஜயம் மாமி ஒரே செங்கல்லில் ஒரு பேப்பர் மில்லைக் கொன்றாள். அவளே சொல்வாள், கேட்டவர்கள் சிரிப்பார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிப்பவர் அவள் கணவர் சாம்பசிவன். அந்த மில்லில் குமாஸ்தா.

பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்யும் மில் அது. காகிதத்தோடு வருகிற பிளாஸ்டிக்கை எல்லாம் பாய்லரில் போட்டு எரிப்பார்கள். காக்கைகூட இருமிக்கொண்டேதான் அந்த வானத்தைத் தாண்டும். மாமியின் ஏழு வயது மகள் ஸ்ரீலக்ஷ்மிக்கு ராவெல்லாம் மூச்சு இழுக்கும்.

"எங்கேடி பொகை? ஒனக்குத் தோணறதாக்கும்" என்பார் சாம்பசிவன். சோறு போடுகிற மில் அல்லவா.

தொண்ணூற்றெட்டில் ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்காலை. தெருவெல்லாம் பெண்கள் செங்கல் அடுப்புக் கூட்டிப் பானை ஏற்றியிருந்தார்கள். மில் மானேஜர் திரவியத்துக்கு அன்றைக்கென்று புத்தி வேலை செய்தது. இத்தனை அடுப்புப் புகையில் நம் புகை எவன் கண்ணில் படும் என்று, மலைபோல் சேர்ந்திருந்த பிளாஸ்டிக்கை மொத்தமாகத் தள்ளச் சொன்னான்.

பானை பொங்குகிற நேரம் பார்த்துக் கரும்புகை தெருவில் இறங்கியது. பொங்கல் டயர் நாற்றம் நாறியது. ஸ்ரீலக்ஷ்மியின் உதடு நீலம் பாய்ந்தது. பக்கத்து வீட்டு எலிசாள் அவளை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

திரவியம் ஒன்றை மறந்துபோனான். அன்றைக்கு ஊரில் ஒவ்வொருத்தி காலடியிலும் மூன்று செங்கல். அதுவும் சுடச்சுட.

மாமி பானையை இறக்கினாள். முந்தானையைக் கையில் சுற்றிக் கல்லை எடுத்தாள். பின்னால் வந்தது லட்சம் பேர் என்பது அவள் கணக்கு. கேட்டில் நின்ற காவல்காரன் வேலப்பன், "அம்மமாரே, வேண்டா" என்று கும்பிட்டான். கும்பிட்ட கையில் கரண்டி இறங்கி விரல் ஒடிந்தது. திரவியத்தின் மூக்கு கூழாயிற்று. பல் இரண்டு கரமனையாற்று மீனுக்குப் போயின. மாமியின் கல் பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடியைப் பிளக்க, ஆவி சீற, பாய்லர்காரர்கள் நெருப்பை வாரி வெளியே கொட்ட, மில் அன்றே படுத்தது. குழந்தை பிழைத்தது. சாம்பசிவன் படியில் வழுக்கினேன் என்று தலையில் கட்டோடு மில்லிலிருந்து வந்தார்.

ஆடியில் மில்லை மறுபடி திறக்க மனுப் போனது. விசாரிக்க வீட்டுக்கு வந்த அதிகாரியிடம் மாமி கதையைச் சொன்னாள். ஒரு கல்லிலா என்று அவரும் சிரித்தார். புகையே இல்லை என்று குமாஸ்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொல்லிச் சாம்பசிவனைப் பார்த்தார்.

உள்ளே ஸ்ரீலக்ஷ்மி இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். சாம்பசிவன் சிரிக்கவில்லை. முன்மயிரை ஒதுக்கி, செங்கல் முனை அளவுக்கு இருந்த தழும்பைக் காட்டினார்.

"நடந்ததுதான் சார். பொகையும் உண்டு, கல்லும் உண்டு. கண்ணாடியை ஒடச்சுட்டு நேரே இங்கேதான் வந்தது. நல்ல சூடாக்கும்."